நானாட்டானில் இல்லாத எஃப் டிரைவ்

மகள் டிலானி, மகன் ஜெறோம், இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். போன கிழமை உங்கள் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். "என் தந்தையின் தொழில்" என்று ஜெறோம் எழுதியிருந்தது: "அப்பா நண்டுக் கம்பனியில் கம்பியூட்டர் திருத்துகிறவர்." டிலானி எழுதியிருந்தது: "அப்பா நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பார். வீட்டுக்கு வந்தால் குளிருது என்பார்." இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஏசி அறையில் இருப்பவனுக்கும் வியர்க்கும். எனக்கு மிக அதிகமாக வியர்த்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தவன். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதம் ஹார்ட்வெயார் கோர்ஸ் செய்தேன். மற்றதெல்லாம் வேலையில் படித்தது. எழுத்துப் பிழை இருந்தால் டிலானி சிவப்புப் பேனாவால் திருத்தட்டும். விஷயத்தில் பிழை இருக்காது, ஏனென்றால் பிழை விட்டவனே நான்தான்.

1. இரண்டு பெட்டிகளும் ஒரு பாலமும்

மன்னாரில் கீரிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பனிக்கு விடிய நண்டு வரும். அவித்து, ஆறவைத்து, இருபத்தாறு பெண்கள் சதை எடுப்பார்கள். சதை டப்பாக்களில் போகும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு லேபல் ஒட்ட வேண்டும். நண்டு எந்தக் கரையில் இறங்கியது, என்றைக்கு அவித்தது, யார் சதை எடுத்தது என்று அந்த லேபலில் இருக்கும் இலக்கத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். லேபல் இல்லாத டப்பாவை வெளிநாட்டில் வாங்கமாட்டார்கள். நல்ல நண்டாக இருந்தாலும் அது பெயரில்லாத நண்டு.

அந்த விபரமெல்லாம் இருக்கும் இடம்தான் டேற்றாபேஸ். டேற்றாபேஸ் ஓடும் பெரிய கம்பியூட்டர் சேர்வர். எங்களிடம் சேர்வர் இரண்டு. ஒன்று கம்பனியில், என்னுடைய அறையில். மற்றது பெரிய பாலம் தாண்டி நானாட்டானில், எங்கள் கிளைக் கந்தோரின் மேல்மாடியில். "கடல் உள்ளுக்கு வந்தாலும் நானாட்டான் வயலுக்குள்ள வராது" என்பது மேனேஜர் சேரின் கணக்கு. இங்கே எழுதுவதெல்லாம் அந்த நொடியே அங்கேயும் எழுதப்படும். இது விழுந்தால் அது எழும்பி வேலையை ஏற்கும். இப்படி இரண்டையும் சேர்த்துக் கட்டிவைப்பதைத்தான் கிளஸ்ரர் என்கிறோம்.

நானாட்டான் சேர்வருக்குப் பொறுப்பு நிஸாம். சிலாவத்துறை ஆள். நான் தவறி "ஆமாங்க" என்று சொன்னால் "மச்சான், ராமேஸ்வரம் போட் எத்தினை மணிக்கு?" என்று கேட்பவன்.

இப்போது முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள். சேர்வருக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு விலாசம் உண்டு. எந்த டிரைவ், அதற்குள் எந்த ஃபோல்டர் என்று. அதைப் பாத் என்போம். முதல் சேர்வரில் "இ டிரைவில், டேற்றா ஃபோல்டரில்" ஒரு ஃபைல் உண்டாக்கினால், அந்தச் செய்தி அப்படியே இரண்டாவது சேர்வருக்குப் போகும். அதுவும் தன்னுடைய இ டிரைவில், தன்னுடைய டேற்றா ஃபோல்டரில் அதே ஃபைலை உண்டாக்கும். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே விலாசம் இருக்க வேண்டும். இதைப் பொருத்திப் பூட்டித் தந்த கொழும்பு என்ஜினியர் தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் மூன்று தரம் சொன்னார்: "தம்பி, ரெண்டிலும் ஒரே மாதிரி. ஒரே டிரைவ், ஒரே ஃபோல்டர். மறக்க வேணாம்."

நான் கொப்பியில் எழுதி அடியில் கோடும் கீறினேன். கோடு கீறியவன் மறக்கமாட்டான் என்று நம்பினேன்.

2. றீற்றா அக்காவின் லாச்சி

எங்கள் கம்பனியில் ஒரு வழக்கம். புதிதாக எந்த மெசின் வந்தாலும் பாதர் வந்து ஆசீர்வதித்த பிறகுதான் ஓட்டுவோம். கடலில் புது வலையும் புது என்ஜினும் அப்படித்தானே இறங்குகின்றன. மாதத்தின் முதல் வெள்ளிகளில் பாதர் வருவார். பொயிலரும், தராசும், லேபல் பிறின்ரரும் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தவை.

இந்த வழக்கத்துக்குக் காவல் றீற்றா அக்கா. சதை எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. ஒருமுறை ஆசீர்வாதம் இல்லாமல் ஓட்டிய ஃபிரீசர் இரண்டாம் கிழமை நின்றுவிட்டது. அது வாங்கும்போதே பழைய கொம்பிரசர் என்று நான் சொன்னேன். அக்கா கேட்டால்தானே.

இ டிரைவ் நிரம்பிக்கொண்டு வந்தது. இரண்டு புது டிஸ்க் கேட்டோம், இங்கே ஒன்று, நானாட்டானில் ஒன்று. முதலாவது டிஸ்க் ஒரு வியாழக்கிழமை வந்தது. மறுநாள் முதல் வெள்ளி. றீற்றா அக்கா என் அறை வாசலில் நின்றார்.

"தம்பி, புதுசா ஏதோ வந்திருக்காம்."

"சின்னச் சாமான்தான் அக்கா. டிஸ்க்."

"சின்னது பெரிசு எண்டு கடவுளுக்கு இருக்கோ? கொண்டு வாரும்."

கொண்டுபோனேன். பொலித்தீன் பையைக் கழற்ற மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பாதர் சிரித்துக்கொண்டே பைக்கு மேலால் தீர்த்தம் தெளித்தார்.

அன்றே அதைப் பூட்டினேன். எஃப் டிரைவ் என்று பெயர் கொடுத்தேன். அதில் ஃபோல்டர் செய்து, டேற்றாபேஸுக்கு ஒரு புது ஃபைலையும் சேர்த்தேன். நானாட்டானில் எஃப் டிரைவ் இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்ற டிஸ்க் திங்கட்கிழமை வருகிறது, மூன்று நாள்தானே என்று நினைத்தேன். புது ஃபைல் மட்டும் அங்கே போகாமல் நிற்கும், மற்றதெல்லாம் வழமைபோலப் போகும் என்றும் நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்றாகிவிடுமாம்.

திங்கட்கிழமை இரண்டாவது டிஸ்க் வந்தது. பையில் வைத்துக்கொண்டு மோட்டச்சைக்கிளை எடுக்கப் போனேன். றீற்றா அக்கா பிடித்துக்கொண்டார்.

"எங்க கொண்டு போறீர்?"

"நானாட்டானுக்கு அக்கா."

"பாதர் தியானத்துக்குப் போயிட்டார். அடுத்த முதல் வெள்ளிதான் வருவார்."

"அதுவரைக்கும் வைச்சிருக்கேலாது அக்கா."

"மற்றதுக்குத் தெளிச்சுப்போட்டு இதைச் சும்மா அனுப்புறீரோ? இதென்ன மாற்றாந்தாய்ப் பிள்ளையே?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் நண்டைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு பேரின் பார்வையை வாங்கிக்கொண்டு பாலம் தாண்டும் துணிவு உங்கள் அப்பாவிடம் இருக்கவில்லை. டிஸ்க் அக்காவின் மேசை லாச்சிக்குள், மாதா படத்துக்கு நேர் கீழே போனது.

என் திரையில் நானாட்டானுக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் ஒன்று வந்தது. டிஸ்க் போனதும் பச்சையாகும் என்று விட்டேன். எழுதுவதையெல்லாம் வரிசையாகக் குறித்துவைக்கும் லொக் ஃபைல் நாளுக்கு நாள் பெருத்தது. நண்டுக் காலம், எழுத்து வேலை கூடுதல் என்று விட்டேன். எனக்கு நானே நல்ல விளக்கங்கள் சொல்லக்கூடியவன்.

உள்ளே நடந்தது இதுதான். "எஃப் டிரைவில் புது ஃபைல்" என்ற செய்தி நானாட்டானுக்குப் போனது. நானாட்டான் தன் எஃப் டிரைவைத் தேடியது. இல்லை. அந்த இடத்திலேயே அது நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த எதையும் எழுதவில்லை. எல்லாம் ஒரே வரிசையில் போகும் செய்தி. முன்னால் ஒன்று நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். அங்கே போகாததெல்லாம் என் பக்கத்து லொக் ஃபைலில் குவிந்துகொண்டிருந்தது. பெருத்தது அதனால்தான்.

3. அந்தப் புதன்கிழமை

மூன்றாவது கிழமை, புதன், காலை பத்தே கால். என் அறையில் ஒரு சின்னச் சத்தம், பிறகு கருகல் மணம். சேர்வர் இருண்டுவிட்டது. திறந்து பார்த்தேன். பவர் சப்ளை போயிருந்தது. இங்கத்தைய உப்புக் காற்று ஏசி அறைக்குள்ளும் வரும். உள்ளே பச்சைத் துரு பிடித்திருந்தது. டிஸ்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் எனக்குப் பயமில்லை. சரி, நானாட்டான் எழும்பும், இதற்குத்தானே இரண்டு என்று நினைத்தேன். டப்பா அடைக்கும் பக்கிங் பகுதியிலிருந்து றீற்றா அக்காவின் குரல் வந்தது: "தம்பி! லேபல் வரயில்லை!"

நிஸாமுக்குப் போன் அடித்தேன்.

"மச்சான், உன்ர பெட்டி வேலையை எடுத்திட்டுதா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. டேற்றாபேஸ்தான் வரமாட்டன் எண்டுது. கடைசியா எழுதினது எப்ப தெரியுமா? மூண்டு கிழமைக்கு முந்தி, வெள்ளிக்கிழமை."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"எஃப் டிரைவ் எண்டு ஒண்டைத் தேடிக்கொண்டு நிக்குது," என்றான். "எங்கட இதில எஃப் டிரைவ் எங்க? நீ கொண்டு வாறன் எண்ட டிஸ்க் எங்க மச்சான்?"

"லாச்சிக்குள்ள."

"எந்த லாச்சி?"

"றீற்றா அக்காட. மாதா படத்துக்குக் கீழ. பாதர் வரட்டும் எண்டு."



"நான் சிலாவத்துறைப் பொடியன், இதில வாய் வைக்கக் கூடாது," என்றான் நிஸாம். "ஆனா ஒண்டு சொல்லட்டா? நீ இங்கால அனுப்பியிருந்தா எங்கட மௌலவியைக் கூட்டியந்து ஓதிப் பூட்டியிருப்பன். அண்டைக்கே வந்திருப்பார். மோட்டச்சைக்கிள்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரூட்டிய லொறி மூன்று மணிக்குப் புறப்படும். அது கொழும்பில் கப்பலுக்குப் போகும் லொறி. அன்று விடிய அவித்த நண்டு முழுவதும் சதையாகி, டப்பாக்களில் ஐஸுக்கு மேல் இருந்தது. அன்றைக்கு லேபல் ஒட்டி ஏற்றாவிட்டால் அது ஏற்றுமதிக்கு உதவாது. அவித்த நேரத்திலிருந்து கணக்கு ஓடும். இருபத்தாறு பேர் விடிய நான்கு மணிக்கு வந்து கைவிரல் வெடிக்க எடுத்த சதை.

மேனேஜர் சேர் வந்தார்.

"நானாட்டானைத் தள்ளியெண்டாலும் எழுப்பும். அப்பிடி ஒரு வழி இருக்கெண்டு அந்த என்ஜினியர் சொன்னவர்தானே?"

"இருக்கு சேர். பலவந்தமாத் திறக்கலாம். ஆனா அங்க மூண்டு கிழமைக் கதை இல்லை. திறந்தா அந்த மூண்டு கிழமையும் போச்சு. இண்டைக்கு விடிய எழுதினதும் அங்க இல்லை. லேபலும் வராது."

"ஏன் இல்லை?"

"பிறகு சொல்லுறன் சேர். முதல்ல லொறியைப் பாப்பம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "பாரும்," என்றார்.

பவர் சப்ளை மன்னாரில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர இரண்டு நாள். அந்தப் பழுதான பவர் சப்ளையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் மொடல் இலக்கம் கண்ணில் பட்டது. இரண்டு சேர்வரும் ஒரே மொடல்.

"நிஸாம், உன்ர பெட்டியை நிப்பாட்டு. பவர் சப்ளையைக் கழட்டிக்கொண்டு ஓடி வா."

"என்ன விசரா? என்ர பெட்டி உயிரோட இருக்கு!"

"உயிரோட இருந்து என்ன செய்யுது?"

"அதுவும் சரிதான்," என்றான்.

ஐம்பது நிமிடத்தில் வந்து இறங்கினான். பவர் சப்ளையைத் துவாயில் சுற்றி, சேட்டுக்குள் வயிற்றோடு கட்டியிருந்தான். பார்த்தால் ஏழு மாதம்.

"பாலத்தில கழுதையள் மறிச்சுப்போட்டுது," என்றான். "நானும் வயித்தைக் காட்டினன். வழி விடயில்லை."

அந்த இடத்திலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். றீற்றா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூட்டினேன். சேர்வரில் வெளிச்சம் வந்தது. டேற்றாபேஸ் உடனே வரவில்லை. பெருத்துப்போன லொக் ஃபைலை முதலிலிருந்து பார்த்து, எது முடிந்தது, எது முடியவில்லை என்று அது சரிபார்க்க வேண்டும். இருபத்தெட்டு நிமிடம் எடுத்தது. அந்த இருபத்தெட்டு நிமிடத்தில் நான் சொன்ன அருள் நிறைந்த மரியே போல சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில்கூடச் சொல்லவில்லை. ஒன்று ஐம்பதுக்கு முதல் லேபல் வந்தது. றீற்றா அக்கா கையைத் தட்டினார். இருபத்தாறு பேரும் மேனேஜரும் நிஸாமும் நானும் லேபல் ஒட்டினோம். லொறி மூன்றே கால் தாண்டிப் போனது. டிரைவர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே போனார். அந்த ஏச்சு எனக்குப் பாட்டுப் போல இருந்தது.

4. கேள்வி

எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் சேர் வந்தார்.

"நல்ல வேலை, செபஸ்தியான். நிஸாம், உமக்கும்தான். இனிச் சொல்லும். நானாட்டான் ஏன் எழும்பயில்லை?"

நான் வாயைத் திறக்க முன் நிஸாம் சொன்னான்: "அங்கால லைன் கொஞ்சம் வீக் சேர்."

நம்பக்கூடிய பதில். நானாட்டான் லைனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பலாம். மேனேஜர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. பேசாமல் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். பவர் சப்ளை வந்ததும் டிஸ்கையும் கொண்டுபோய்ப் பூட்டினால் யாருக்கும் தெரியாது. நிஸாமுக்குத் தெரியும், ஆனால் அவன் சொல்லமாட்டான். எனக்காக அவன் பொய் சொல்லி, அவனுடைய இடத்தின் மேல் பழியை வாங்கியிருக்கிறான்.

"லைன் இல்லை சேர்," என்றேன். "பிழை என்ர. இங்க எஃப் டிரைவ் போட்டு ஃபைல் சேர்த்தனான். அங்க போட முந்திச் சேர்த்திட்டன். திரையில மஞ்சள் காட்டினது. மூண்டு கிழமை பாத்துக்கொண்டிருந்தனான்."

"அங்க ஏன் போடயில்லை?"

நான் றீற்றா அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அக்கா தானே எழும்பிப் போய், லாச்சியைத் திறந்து, பொலித்தீன் பையோடு டிஸ்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நான்தான் சேர் மறிச்சனான்," என்றார். "இந்தச் சின்னச் சாமானுக்குள்ள இவ்வளவு இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பஸ்ஸில கொண்டுபோய்க் குடுத்திருப்பன்."

அது உண்மை. "வைச்சிருக்கேலாது" என்று மட்டும்தான் நான் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா பாதருக்குப் போன் பண்ணினார். பாதர் கேட்டாராம்: "றீற்றா, ஓடிக்கொண்டிருக்கிற மெசினுக்குத் தெளிச்சா ஆசீர்வாதம் ஏறாதெண்டு உமக்கு ஆர் படிப்பிச்சது?" இதை அக்கா தானே வந்து எல்லோருக்கும் சொன்னார். இரண்டு நாள் அவரை யாரும் சும்மா விடவில்லை.

மேனேஜர் ஏசவில்லை. பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதை அங்க பூட்டினா நானாட்டான் இனி எழும்புமா?"

"எழும்பும் சேர்."

"எப்பிடித் தெரியும்?"

முன்னரும் தெரியும் என்றுதானே இருந்தேன்.

5. படித்தது

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து புதுப் பவர் சப்ளை பஸ்ஸில் வந்தது. அதையும் டிஸ்கையும் கொண்டு நானே நானாட்டான் போனேன். பூட்டி, எஃப் டிரைவ் என்று பெயர் கொடுத்து, அதே ஃபோல்டரைச் செய்து, டேற்றாபேஸ் அதற்குள் எழுத அனுமதியும் கொடுத்தேன். அனுமதி கொடுக்காத ஃபோல்டர் இருந்தும் இல்லாதது போலத்தான். பிறகு "தொடங்கு" என்று கட்டளை கொடுத்தேன். நின்றிருந்த செய்திகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நிஸாம் பக்கத்தில் நின்று பார்த்தான். "மூண்டு கிழமை நண்டு ஒரே நாளில வருது. ஐஸ் போதாது மச்சான்," என்றான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மஞ்சள் பச்சையானது.

இதிலிருந்து நான் படித்ததைச் சொல்கிறேன். இரண்டு இடத்தில் செய்ய வேண்டிய வேலையை ஓர் இடத்தில் செய்துவிட்டு, பாதி முடிந்தது என்று சொல்லாதீர்கள். சில வேலைகளில் பாதி என்று ஒன்று இல்லை. முதலில் அங்கே இடத்தைச் செய்யுங்கள், அதற்குப் பிறகு இங்கே ஃபைலைச் சேருங்கள். ஒருவர் உங்களை மறித்தால், ஏன் மறிக்கக் கூடாது என்று அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். விளங்கச் சொல்லத் தெரியாவிட்டால் உங்களுக்கே அது விளங்கவில்லை. மஞ்சள் அடையாளத்துக்கு நீங்களே விளக்கம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஜெறோம், இது உன்னுடைய கணிதப் புள்ளிகளுக்கும் பொருந்தும்.

ஆனால் மேனேஜரின் கேள்விக்கு இந்தப் படிப்பு எதுவும் பதில் இல்லை. பச்சை அடையாளமும் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, "கம்பனிக்கு ஒருக்காப் போட்டு வாறன்" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிறீம் கேட்டு அழுதது அன்றைக்குத்தான். நண்டு வேலை இல்லாத நாள். காவலாளியைத் தவிர யாரும் இல்லை. முதலில் முழு டேற்றாபேஸுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு சேர்வருக்குப் பின்னால் குனிந்து, கரண்ட் வயரைப் பிடித்து இழுத்தேன்.

அறை அமைதியானது. வயரைக் கையில் வைத்துக்கொண்டே பக்கிங் பகுதித் திரையைப் பார்க்க ஓட முடியாது என்பதை வயர் நீளாதபோதுதான் உணர்ந்தேன். போட்டுவிட்டு ஓடினேன். திரை வெறுமையாக இருந்தது. எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது எண்ணும்போது திரை வந்தது. மேல் மூலையில் சேர்வரின் பெயர் இருக்கும் இடத்தில் நானாட்டான் என்று இருந்தது. ஒரு லேபல் அடித்தேன். வந்தது.

திரும்பிப் போய் வயரைச் செருகினேன். கதிரையில் இருந்து, இரண்டு சேர்வரும் ஒன்றையொன்று பிடித்துப் பச்சையாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை சரிவந்தது தற்செயலாக இருக்கலாம் என்று பட்டது. நானாட்டானிடமிருந்து வேலையை இங்கே மாற்றி எடுத்து, குனிந்து, மறுபடி இழுத்தேன்.